டிஸ்பெர்சன்ட்: ‘கரைப்பான்’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம். நம் எண்ணெய்க் கசிவுக் கையேட்டில் ‘டிஸ்பெர்சன்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது வந்த யோசனை இது:

> கடலில் சிந்திய எண்ணெய்மீது தெளிக்கும் டிஸ்பெர்சன்டுக்கு ‘எண்ணெய்க் கரைப்பான்’ போதும். எல்லாருக்கும் புரியும்.

தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. கையேட்டு வரைவை மீனவ நண்பர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். “அப்போ எண்ணெய் கரைஞ்சு போயிடும், மறுநாளே வலை போடலாம்” என்றார். அந்தச் சொல்லை நம்பினால் வேறெப்படி நினைப்பார்?

எண்ணெய் எங்கும் போவதில்லை. டிஸ்பெர்சன்ட் மருந்திலுள்ள பரப்பு இழுவிசை குறைக்கும் பொருள் எண்ணெய்ப் படலத்தைத் தளர்த்த, அலையடிப்பில் அது நுண்துளிகளாக உடைந்து நீருக்குள் இறங்குகிறது. கடற்பறவையின் இறகிலும் அலையாத்தி வேரிலும் அப்புவது குறையும். நுண்ணுயிர்கள் சிதைப்பதும் எளிதாகும். ஆனால் மேலே மிதந்த நஞ்சு இப்போது மீன்முட்டையும் இளங்குஞ்சும் இருக்கிற நீரில். ஒன்றைக் காக்க இன்னொன்றைப் பணயம் வைக்கிறோம். ‘கரைப்பான்’ அதை மறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, இந்த மருந்துக்குள்ளேயே வேறொரு கரைப்பானும் கலந்திருக்கிறது!

1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபோது, அன்றைய டிஸ்பெர்சன்டாகச் சுமார் 10,000 டன் சலவைவகை வேதிப்பொருளைக் கொட்டினார்கள். பாசியை மேயும் லிம்பெட் நத்தைகள் கூண்டோடு செத்தன. மேய ஆளில்லாமல் பாறைகளைப் பச்சைப்பாசி மூடியது. மருந்து படாத பாறைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறின. அதிகம் பட்டவற்றுக்குப் பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று. இன்றைய மருந்துகளின் நச்சுத்தன்மை குறைவுதான். இருந்தாலும் அந்தப் பாறைகளை என்னால் மறக்க முடியவில்லை.

‘படலநீக்கி’ என்பதும் சரிவராது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் கடலடி எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிந்தபோது பயன்படுத்திய சுமார் 70 லட்சம் லிட்டரில் ஒரு பெரும்பங்கு 1,500 மீட்டர் ஆழத்தில், கிணற்றுவாயிலேயே செலுத்தப்பட்டது. அங்கே ஏது படலம்? ‘பிரிப்பான்’ என்றால் நீரிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுப்பதாகத் தோன்றும், நடப்பது நேரெதிர்.

என் பரிந்துரை: எண்ணெய்த் துளியாக்கி. ‘பால்மமாக்கி’ (எமல்சிஃபையர்) போன்ற ஆக்கம்தான். எண்ணெய் துளியாகிறது, மறையவில்லை என்று சொல்லே சொல்லிவிடும்.

—

> எண்ணெய்த் துளியாக்கி

ஐயா, ‘கரைப்பான்’ நான் சொன்னதுதான், திரும்பப் பெறுகிறேன். துளியாக்கி என்றதும் எனக்குச் சொட்டுமருந்துக் குப்பி நினைவு வருகிறது. ‘நுண்துளியாக்கி’ என்றால் அந்தக் குழப்பம் தீரும். வினைக்கும் ‘நுண்துளியாக்கம்’ கிடைக்கிறது.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். நாளாக ஆக எண்ணெய்க்குள் நீர் புகுந்து பழுப்பாக, கெட்டியாகக் குழைகிறதே, அதைத்தான் சொல்கிறேன். அந்த நிலைக்கு வந்தபின் நுண்துளியாக்கி அவ்வளவாக வேலை செய்யாது. கையேட்டில் இதை எழுதியே ஆகவேண்டும். ‘எண்ணெய்க் களி’ எனலாமா? கரையில் அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று உங்கள் மீனவ நண்பரிடம் கேட்டுச் சொல்லுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.