மறுமொழி: ‘விர்ச்சுவல் ரெப்ரசன்டேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

> ‘மெய்நிகர் பிரதிநிதித்துவம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. விர்ச்சுவல் என்றால் மெய்நிகர்தானே?

ஐயா, அங்கேதான் சிக்கல். மெய்நிகர் என்றதும் இன்று கணினித் திரைதான் நினைவுக்கு வருகிறது. பிரிட்டனுக்கும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் இடையே நடந்த 1765 வரிச் சண்டையைப் படிக்கும் மாணவர், உறுப்பினர்கள் காணொளியில் வந்து உட்கார்ந்தார்கள் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘மறைமுக’ என்பதும் சரிப்படாது. மாநிலங்களவைத் தேர்தலுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம்.

பிரிட்டன் நாடாளுமன்றம் முத்திரைச் சட்டம் கொண்டுவந்த ஆண்டு அது. அமெரிக்கக் குடியேற்றங்களில் நீதிமன்றத் தாள், செய்தித்தாள் தொடங்கி சீட்டுக்கட்டு வரை வரி. எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத சபை எங்கள் பணத்தில் கை வைப்பதா என்று குடியேறிகள் கேட்டார்கள். பிரிட்டன் கருவூலச் செயலர் தாமஸ் வேட்லி சொன்ன பதில்தான் இந்தக் கருத்து: வாக்கில்லாதவர்கள் இங்கிலாந்திலும் ஏராளம், நாடாளுமன்றத்துக் காமன்ஸ் சபையின் ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிக்கு மட்டுமல்ல, எல்லாருக்காகவும் பேசுகிறவர், ஆகவே நீங்களும் அங்கே இருக்கிறீர்கள். மான்செஸ்டருக்கு அன்று தனி உறுப்பினர் கிடையாது என்பது உண்மைதான். ஏறக்குறைய ஆளே குடியில்லாத ஓல்டு சாரம் தொகுதிக்கு இரண்டு பேர் இருந்தார்கள்!

> அப்படியானால் ‘போலிப் பிரதிநிதித்துவம்’ என்று நேராகவே சொல்லிவிடலாமே!

கோபத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் கலைச்சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் வாதம் எதற்கு? மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி அதே ஆண்டில் இதற்குப் பதில் எழுதினார். இங்கிலாந்தில் வாக்கில்லாதவர் மேல் வரி போட்டால், வாக்குள்ள பக்கத்து வீட்டுக்காரரும் அதே வரியைக் கட்டியாக வேண்டும். அமெரிக்காவில் போட்டாலோ, இங்கே ஏறுகிற சுமை அங்கே இறங்கும். நலன் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்ளக்கூடிய கருத்து, கடல் தாண்டினால் செல்லாது. அந்தக் காலத்து எழுத்தில் எனக்கு மிகக் கூர்மையாகப் பட்ட இடம் இதுதான். ‘போலி’ என்று போட்டால் டுலானிக்கு வேலையே இல்லை.

லண்டனிலேயே நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் பிட் 1766 ஜனவரியில் இந்த வாதத்தைக் கிழித்துப் போட்டார். மார்ச்சில் வரிச் சட்டம் ரத்து. ஆனால் அன்றைக்கே, எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று இன்னொரு சட்டம். தொகையைவிட இந்த உரிமைதான் உறுத்தியது. 1773இல் வரியோடு வந்த தேயிலையும் மலிவாகத்தான் வந்தது. இருந்தும் பாஸ்டனில் குடியேறிகள் 342 பெட்டிகளைக் கடலுக்குள் கொட்டினார்கள். 1776 விடுதலைப் பிரகடனத்தின் குற்றச்சாட்டுகளிலும் ‘எங்கள் சம்மதமின்றி வரி’ இடம்பிடித்தது.

சரி, என் பரிந்துரை: ‘உள்ளுறைப் பிரதிநிதித்துவம்’. உள்ளுறை உவமத்தில் பொருளை வெளியே சொல்வதில்லை, இருப்பதாகக் கொள்கிறோம். இங்கேயும் வாக்கு கிடையாது, பிரதிநிதி மட்டும் இருப்பதாகக் கொள்கிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் படிக்கிறவர் பாடு. எதிர்ச்சொல்லாக ‘நேர்ப் பிரதிநிதித்துவம்’ போதும். பிரதிநிதித்துவத்தையே ‘சார்பாண்மை’ ஆக்க வேண்டும் என்பவர்களோடு தனி இழையில் மல்லுக்கு நிற்கிறேன்.

சோதனைக்கு ஒரு வாக்கியம்: ‘உள்ளுறைப் பிரதிநிதித்துவம் அட்லாண்டிக்கைத் தாண்டாது என்பது டுலானியின் வாதம்.’ வாசிக்கும்போது எங்காவது இடறுகிறதா, சொல்லுங்கள்.