முதல் லக்சுரி வாட்ச், 4 லட்சம் பட்ஜெட்: ஸ்பீட்மாஸ்டரா, பிளாக் பேயா?

கோவைத்தம்பி:

வணக்கங்க எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு. வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து கையில டைட்டன்தான், அதுபோக அப்பாவோட பழைய எச்எம்டி ஜனதா ஒண்ணு இருக்குது, லீவு நாள்ல கீ குடுத்துக் கட்டுவேன், இன்னைக்கும் நல்லா ஓடுதுங்க. இந்த வருஷம் கையில கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு, கடன் எதுவும் இல்ல, வீட்லயும் சரின்னுட்டாங்க, அதனால நல்ல வாட்ச்சா ஒண்ணு வாங்கி கடைசி வரைக்கும் கட்டணும்னு ஆசை. பட்ஜெட் 4 லட்சம், ரொம்பப் புடிச்சுப்போச்சுன்னா அரை லட்சம் மேல போகலாம்.

மனசுல இருக்கறது மூணு. ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் (புதுசு நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது, செகண்ட் ஹேண்ட்ல பாக்கணும்), டூடர் பிளாக் பே 58, லாஞ்ஜின் ஸ்பிரிட். ஃப்ரெண்ட் ஒருத்தர் என்னடான்னா வாங்குனா ரோலக்ஸ் வாங்கு இல்லன்னா சும்மா இரு, மத்ததை வித்தா பாதிக் காசு கூட வராதுங்கறார். அதுல இருந்து ஒரே குழப்பம்.

மணிக்கட்டு 6.25 இன்ச், ஒல்லிக் கைதான். ஆபீஸ்ல ஃபுல் ஹேண்ட் சட்டை, வாரத்துல ரெண்டு மூணு நாள் ஷாப் ஃப்ளோர்ல நிக்கணும், அங்க மோட்டாரு, கிரைண்டிங் மெஷின்ல மேக்னெட்டிக் சக்கு (இரும்புப் பீஸைக் காந்தத்தால புடிக்கறது) எல்லாம் இருக்கு. போக வர பைக்கு, நல்லா வேர்க்கும். எல்லாத்துக்கும் இந்த ஒரே வாட்ச்தான். எது எடுக்கலாம்னு அண்ணனுங்க அக்காங்க சொன்னா உதவியா இருக்கும்.

முள்ளும்_டயலும் (சென்னை):

தம்பி, முதல்ல உங்க ஃப்ரெண்ட் சொன்னதை ஓரமா வைங்க. கடைசி வரைக்கும் கட்டணும்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் வித்தா எவ்ளோ வரும்ங்கற கணக்கு எதுக்கு? ரோலக்ஸ் அருமையான வாட்ச், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, ஆனா கடைக்குப் போனா கவுன்ட்டர்ல எடுத்துக் குடுக்க மாட்டாங்க, பேரை எழுதிட்டு காத்திருக்கணும், வெளிய வாங்கினா கம்பெனி விலைக்கு மேல கேப்பாங்க. முதல் வாட்ச்சுக்கு அந்த அலைச்சல் தேவையில்லன்னு நான் நினைக்கிறேன். டூடரும் அதே வீட்டுப் புள்ளதான், ரோலக்ஸை ஆரம்பிச்ச ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபுக்காக 1926-லயே ரெஜிஸ்டர் ஆன பேரு அது, நல்ல தரத்துல கொஞ்சம் குறைஞ்ச விலைக்கு வாட்ச் குடுக்கணும்னுதான் ஆரம்பிச்சாங்க.

இப்ப உங்க கைக்கு வருவோம். எல்லாரும் 39 எம்எம், 40 எம்எம்னு வாட்ச் உடம்போட அகலத்தையே பேசுறாங்க, ஒல்லிக் கைக்கு அதைவிட முக்கியம் லக் டு லக், அதாவது மேல ஸ்ட்ராப் மாட்டுற கொம்போட நுனில இருந்து கீழ இருக்கற கொம்பு நுனி வரைக்கும் உள்ள நீளம். ஒரு ஸ்கேல் எடுத்து உங்க மணிக்கட்டுக்கு மேல, வாட்ச் உக்கார்ற தட்டையான இடத்தை மட்டும் குறுக்க அளந்து பாருங்க. 6.25 இன்ச் கைக்கு அது பெரும்பாலும் 50 எம்எம் பக்கம் வரும், சிலருக்குக் கை உருண்டையா இருந்தா இன்னும் கம்மியா வரும். வாட்ச்சோட லக் டு லக் அந்த அளவுக்குள்ள அடங்கணும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் தோல் தெரியணும், இல்லன்னா கொம்பு வெளிய நீட்டிக்கிட்டு கையில பலகையை வச்சுக் கட்டுன மாதிரி இருக்கும். லாஞ்ஜின் ஸ்பிரிட் 40 எம்எம் பேப்பர்ல சின்னதா தெரியும், ஆனா கொம்பு நீளம், உங்களுக்கு இழுக்கும்னு தோணுது. ஸ்பீட்மாஸ்டர் 42 எம்எம்னதும் பயப்படுவாங்க, ஆனா அதோட கொம்பு வளைஞ்சு கீழ இறங்கும், நிறைய ஒல்லிக் கையில அது நல்லாவே உக்காரும்.

பிளாக் பே 58, 39 எம்எம், தடிமன் 11.9, தாராளமா கட்டலாம். ஆனா நீங்க பாக்காத ஒண்ணை நான் சொல்றேன், 2023-ல வந்த பிளாக் பே 54. 37 எம்எம், தடிமன் 11.2, லக் டு லக் 46 பக்கம். தண்ணிக்கு 200 மீட்டர், ஒரு தடவை ஃபுல்லா ஏறிடுச்சுன்னா 70 மணி நேரம் ஓடும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழட்டி வச்சு திங்கக்கிழமை காலைல எடுத்தாலும் ஓடிட்டே இருக்கும். செயினைப் பூட்டற கிளாஸ்ப்புல டி-ஃபிட்னு ஒண்ணு வச்சிருக்காங்க பாருங்க, டூல்ஸ் எதுவும் இல்லாம விரலாலயே 8 எம்எம் வரைக்கும் செயினைத் தளர்த்தலாம் இறுக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கு மத்தியானம் ஆனா கை லேசா உப்பும், காலைல கச்சிதமா இருந்த செயின் 2 மணிக்கு அழுத்தும், அப்ப ஒரு ஸ்டெப் தளர்த்தி விட்டா அவ்ளோ சுகம். கட்டிப் பாத்தாதான் இதோட அருமை தெரியும்.

காந்தம் பத்தி நீங்க கேக்கல, ஆனா உங்க வேலைக்கு அதுதான் பெரிய விஷயம். உள்ள இருக்கற ஹேர்ஸ்பிரிங்ல, அதாவது முடி மாதிரி மெல்லிசான சுருள் கம்பில, காந்தம் ஏறினா சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வாட்ச் ஒரு நாளைக்கு நிமிஷக் கணக்குல வேகமா ஓட ஆரம்பிக்கும். டூடரோட சொந்த இன்ஜின்லயும் லாஞ்ஜின் ஸ்பிரிட்லயும் சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங், அதுல காந்தம் ஏறாது. ஓமேகால மெட்டாஸ் (சுவிஸ் அரசோட அளவியல் நிறுவனம்) சான்று வாங்கின மாடல்னா 15,000 காஸ் காந்த பலம் வரைக்கும் தாங்கும், அது வேற லெவல். பழைய ஸ்பீட்மாஸ்டர்ல அது கிடையாது, செகண்ட் ஹேண்ட் பாக்கும்போது இதை மனசுல வைங்க.

என் ஓட்டு பிளாக் பே 54.

கலைச்செல்வி_மதுரை:

மேல அண்ணன் சொன்ன அளவுக் கணக்கெல்லாம் ரொம்பச் சரி. ஆனா எல்லாத்துக்கும் ஒரே வாட்ச்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. ஓடுற மெஷின் பக்கத்துல எந்த வாட்ச்சும் கட்டக்கூடாது, அது 500 ரூவா வாட்ச்சா இருந்தாலும் சரி 5 லட்சமா இருந்தாலும் சரி. ஸ்டீல் செயின் சுத்துற பாகத்துல மாட்டினா அறுந்து வராது, கையைத்தான் இழுக்கும். எங்க வீட்டுக்காரரும் மெஷின் ஷாப்ல இருக்கறவர்தான், உள்ள நுழையும்போதே மோதிரம் வாட்ச் ரெண்டையும் கழட்டி லாக்கர்ல வச்சுடுவார். அதனால காந்தம், அடி, கீறல்னு அந்த மூணு நாளை வச்சு முடிவு பண்ணாதீங்க, மீதி நாளைக்கு எது புடிக்குதுன்னு பாருங்க. டைட்டன்தான் இருக்கே, மெஷின் பக்கம் போகாம நடந்து பாக்கற அன்னைக்கு அதைக் கட்டிக்கங்க.

அப்படிப் பாத்தா உங்க லிஸ்ட்ல கார்ட்டியே டேங்க் ஏன் இல்லன்னு கேக்கத் தோணுது. ஆம்பளைங்க அதைப் பொம்பளை வாட்ச்னு தள்ளிடறாங்க, 1917-ல லூயி கார்ட்டியே வரைஞ்ச டிசைன், அந்தக் காலத்துல இருந்து ஆம்பளைங்க கட்டிட்டு இருக்கறதுதான். டேங்க் மஸ்ட் லார்ஜ் சைஸ் 33.7க்கு 25.5 எம்எம், தடிமன் வெறும் 6.6. ஃபுல் ஹேண்ட் சட்டையோட கஃப் பட்டனைப் போட்டா வாட்ச் உள்ள போயிடும், கையைத் தூக்கினா தானா வெளிய வரும், துணில எங்கயும் தடுக்காது. 12 எம்எம் தடிமன்ல டைவிங் வாட்ச் கட்டுறவங்க கஃப் ஒரு மாசத்துலயே ஓரம் நைஞ்சிருக்கும், கவனிச்சுப் பாருங்க. டயல்ல ரோமன் எழுத்து, நீல முள்ளு, பக்கவாட்டுல திருகற குமிழ்ல நீலக் கல்லு, வெளிச்சத்துல அந்த முள்ளு ஒரு கோணத்துல கருப்பா தெரியும், லேசா சாச்சா பளிச்னு நீலம் அடிக்கும். நான் தினமும் கட்டுறேன், இன்னும் அலுக்கல.

குறையும் சொல்லிடறேன். அது பேட்டரி, தண்ணிக்கு 30 மீட்டர்னு போட்டிருப்பாங்க, அதுக்கு 30 மீட்டர் ஆழம் போலாம்னு அர்த்தம் இல்ல, கை கழுவினா மேல தெறிக்கற தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, அவ்ளோதான். மழையில பைக் ஓட்டும்போது கழட்டிடணும். லெதர் ஸ்ட்ராப் நம்ம வேர்வைக்கு சீக்கிரம் இறுகி நாத்தம் புடிக்கும், வருஷா வருஷம் மாத்துற செலவு இருக்கு.

நிமிஷமுள் (திருச்சி):

எல்லாரும் சுவிஸ்லயே நிக்கறீங்களே, கிராண்ட் சீக்கோவை யாரும் சொல்லலையே. 4 லட்சத்துக்குள்ள அவங்களோட 9எஃப் குவார்ட்ஸ் 37 எம்எம் மாடல் தேடிப் பாருங்க. பேட்டரின்னு மூஞ்சி சுழிக்காதீங்க, வருஷத்துக்கே 10 செகண்ட்தான் கூடக் குறைய வரும், சிஓஎஸ்சி (துல்லியத்தைச் சோதிக்கற சுவிஸ் அமைப்பு) சான்று வாங்கின மெக்கானிக்கல் வாட்ச்சுக்கு ஒரு நாளைக்கே மைனஸ் 4-ல இருந்து பிளஸ் 6 செகண்ட் வரைக்கும் அனுமதி, அதை யோசிச்சுப் பாருங்க. சாதாரண பேட்டரி வாட்ச்ல செகண்ட் முள்ளு ஒவ்வொரு துடிப்புக்கும் லேசா ஆடி நிக்கும், கோட்டுல இருந்து தள்ளி விழும். 9எஃப்ல முள்ளு கோடு மேலயே நச்சுனு விழுந்து நிக்கும், ஆட்டமே இருக்காது, அதுக்குன்னு உள்ள தனியா ஒரு ஸ்பிரிங் வச்சிருக்காங்க. மணி கோட்டோட ஓரத்தையெல்லாம் கண்ணாடி மாதிரி இழைச்சிருப்பாங்க, ரூம் வெளிச்சம் கம்மியா இருந்தாலும் மணி தெரியும். கடைல லைட்டுக்குக் கீழ பாத்தா எல்லா வாட்ச்சும் அழகுதான், ஜன்னல் ஓரமா கொண்டு போய் பாக்கணும்னு கேளுங்க, அப்பதான் வித்தியாசம் புரியும்.

கோவைத்தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. செல்வி அக்கா சொன்ன மெஷின் விஷயம் சரிதான், மெஷின் ஓட்டறவங்களுக்கு எங்க கம்பெனிலயும் அந்த ரூல் இருக்கு, நான் சூப்பர்வைசர்ங்கறதால அதைப் பெருசா எடுத்துக்காம இருந்தேன், இனிமே உள்ள போறப்ப கழட்டிடறேன். சென்னைல ஒரு கடைக்குப் போன் பண்ணேன், பிளாக் பே 54, 58 ரெண்டும் கட்டிப் பாக்கலாம்னாங்க, அடுத்த வாரம் போறேன். ஆனா ஸ்பீட்மாஸ்டர் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குதுங்க. செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா எதெது பாக்கணும்?

சிங்கை_வாசி:

தம்பி, மனசை விட்டுப் போகலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நீங்க ஜனதாக்கு கீ குடுக்கறது புடிக்கும்னு எழுதியிருக்கீங்க பாருங்க, ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச்சும் கீ குடுக்கற வாட்ச்தான், ஆட்டோமேட்டிக் இல்ல. காலைல காபி குடிக்கறப்ப குமிழை விரல்ல உருட்டுனா முதல்ல லேசா போகும், போகப் போக கனம் ஏறும், அப்புறம் கெட்டியா நின்னுடும், அதுக்கு மேல வற்புறுத்தக் கூடாது. நாசா 1965-ல சோதிச்சு எடுத்ததும் 1969-ல ஆல்ட்ரின் கையில நிலாவுல நடந்ததும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா தினமும் கையில இருக்கறவனுக்கு அந்தக் கீ குடுக்கற ரெண்டு நிமிஷம்தான் சொத்து. பிளாக் பே 54 நல்ல வாட்ச், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, ஆனா உங்களுக்கு ஸ்பீட்மாஸ்டர் ஒத்து வரும்னு தோணுது, அதான் சொல்றேன்.

செகண்ட் ஹேண்ட்ல உங்க பட்ஜெட்டுக்கு பெரும்பாலும் 1861 இன்ஜின் உள்ளதுதான் மாட்டும், வழக்கமான மூன்வாட்ச்ல 2021-லதான் 3861 வந்தது, அதுக்குத்தான் மேல சொன்ன மெட்டாஸ் சான்று. 1861-ஐ மேக்னெட்டிக் சக்கு பக்கமே கொண்டு போகக்கூடாது. தண்ணிக்கு ரெண்டுமே 50 மீட்டர், மழைல நனைஞ்சா துடைச்சுக்கலாம், நீச்சலுக்குப் போடாதீங்க, தண்ணிக்குள்ள பட்டனை அமுக்கவே கூடாது.

வாட்ச்சைக் கையில வாங்குனதும் முதல்ல கொம்பைப் பாருங்க. மேல் பக்கம் பளபளன்னும் பக்கவாட்டுல கோடு கோடா மங்கலாவும் இருக்கும், ரெண்டும் சேர்ற இடத்துல கத்தி மாதிரி ஒரு விளிம்பு ஓடணும். அந்த விளிம்பு மழுங்கி வட்டமா போயிருந்தா யாரோ பாலிஷ் போட்டு உலோகத்தைத் தேச்சுட்டாங்கன்னு அர்த்தம், தேஞ்ச உலோகம் திரும்ப வராது, விலையை நல்லா குறைச்சாலும் நான் எடுக்க மாட்டேன். கிளாஸ் ஹெசலைட்டா இருந்தா, அது ஒரு வகை பிளாஸ்டிக்தான், நடு மையத்துல ஓமேகா சின்னம் பொடியா பதிச்சிருக்கும், வெறுங்கண்ணுக்கு லேசுல தெரியாது, லென்ஸ் வச்சு சாய்ச்சுப் பாருங்க. அது இல்லன்னா கிளாஸ் வெளிய எங்கயோ மாத்தினது. ஹெசலைட்ல கீறல் விழறதுக்குக் கவலைப்பட வேண்டாம், பாலிஷ் பேஸ்ட் வச்சு நம்மளே தேச்சு எடுத்துடலாம். அப்புறம் ஸ்டாப்வாட்ச்சை ஓட விட்டு ரீசெட் அமுக்குங்க, பெரிய செகண்ட் முள்ளு 12-க்கு நேரா வந்து நிக்கணும், தள்ளி நின்னா சர்வீஸ் செலவு காத்துட்டு இருக்குன்னு அர்த்தம். இந்த மாதிரி ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச்சுக்கு (குரோனோகிராஃப்) சர்வீஸ் மூணு முள்ளு வாட்ச்சை விட எப்பவுமே ஜாஸ்தி, வாங்கற விலைக்கு மேல அதுக்குத் தனியா பணம் எடுத்து வைங்க.

வாரன்ட்டி கார்டுல இருக்கற சீரியல் நம்பரும் வாட்ச்ல இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க. பில் இல்லாம வாங்காதீங்க, 2 லட்சத்துக்கு மேலன்னா எப்படியும் பான் நம்பர் கேப்பாங்க, ரொக்கமா வாங்கிக்கறேன் விலை குறைக்கறேன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க, விக்கறவர் 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா பணம் வாங்கறதே சட்டப்படி தப்பு. இங்க சிங்கப்பூர்ல வாங்கிட்டு வரலாமான்னு அடுத்து கேப்பீங்க, இங்க வாட்ச்சுக்கு கஸ்டம்ஸ் டியூட்டி கிடையாது, 9% ஜிஎஸ்டிதான், அதையும் டூரிஸ்டா வந்தா ரீஃபண்ட் பண்ற கடைல எடுத்தா சாங்கி ஏர்போர்ட்ல திரும்ப வாங்கிக்கலாம், ஆனா சென்னைல இறங்குனதும் கஸ்டம்ஸ் ரெட் சேனல்ல போய் டிக்ளேர் பண்ணி டியூட்டி கட்டணும். அதையெல்லாம் சேத்துக் கூட்டிப் பாத்துட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க.

முள்ளும்_டயலும் (சென்னை):

சிங்கை அண்ணன் கீ குடுக்கறதைப் பத்தி சொன்னது எனக்குத் தோணவே இல்ல, நல்ல பாயின்ட். தம்பி, அப்ப அடுத்த வாரம் வரும்போது ஓமேகா கடைக்கும் ஒரு நடை போயிடுங்க, புது ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிப் பாக்கக் காசு கேக்க மாட்டாங்க. ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டுட்டு வாங்க. காலைல கட்டிப் பாக்காதீங்க, வெயில்ல அலைஞ்சு கை உப்புன பிறகு சாயங்காலமா போங்க. ஒவ்வொண்ணையும் கட்டிட்டு அஞ்சு பத்து நிமிஷம் கடைலயே உக்காந்து பேசிட்டு இருங்க, கண்ணாடில ஆள் உசரத்துக்கு நின்னும் பாருங்க, போன்ல எடுக்கற போட்டோல வாட்ச் நிஜத்தை விடப் பெருசா தெரியும், அதை நம்பாதீங்க. அன்னைக்கே வாங்கிடாதீங்க. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழிச்சு எது ஞாபகத்துக்கு வருதுன்னு இங்க வந்து எழுதுங்க.