எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் சட்டம் மாறுமா?

மருதாணி:
ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் நாங்கள் பதினொரு பெண்கள் சேர்ந்து தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தோம். 2021 செப்டம்பரில் உட்காரும் உரிமைச் சட்டம் வந்ததே, அது பற்றித்தான். எங்கள் கடையில் ஸ்டூல் வந்துவிட்டது. ஆனால் அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார், மாதக் கடைசியில் ஊக்கத்தொகையில் கை வைக்கிறார்கள். சட்டத்தைத் திருத்தி, உட்கார விடாத முதலாளிக்கு உறைக்கிற மாதிரி அபராதம் போட வேண்டும் என்று எழுதியிருந்தோம். உதவியாளர் வாங்கி, ஏற்கெனவே இருந்த கட்டுக்கு மேல் வைத்துவிட்டு, "ஐயா பார்ப்பார்மா" என்றார். இதனால் ஏதாவது நடக்குமா? இல்லை, வேறு எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

பத்தாம் நம்பர் கேட்:
நடக்காது. கோபப்படாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். எம்.எல்.ஏ. கட்சிக் கொறடா சொன்னபடி கை தூக்குகிறவர். உங்கள் மனுவைப் படித்துக் கண்ணீரே விட்டாலும் ஓட்டு மாறாது.

நான் ஒரகடம் பக்கம் கம்பெனித் தொழிலாளி. 2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவைப் பேரவையில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன, அப்படியும் குரல் வாக்கெடுப்பில் போய்விட்டது. திங்கட்கிழமை தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், அன்றைக்கே நிறுத்திவைப்பதாக அறிவிப்பு. மே தினத்தில் வாபஸ். பத்து நாள்! யாராவது மனு கொடுத்தா நடந்தது? அன்றைய ஆளுங்கட்சியான தி.மு.க.வின் சொந்தச் சங்கமான தொ.மு.ச. உட்பட எல்லாரும் எதிர்த்து, சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றதால் நடந்தது.

கோப்புப்புழு:
தலைமைச் செயலகத்தில் முப்பத்தோரு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். தோழர் சொன்னது நடந்ததுதான். ஆனால் அது ஒரு சட்டத்தை நிறுத்திய கதை. இந்த அம்மா கேட்பது ஒரு சட்டத்தை எழுதவைக்க. ரெண்டும் ஒரே வேலை இல்லை.

உட்காரும் உரிமை மசோதாவின் நோக்கக் காரண விளக்கவுரையை, அதாவது அதை ஏன் கொண்டுவருகிறோம் என்று அரசு எழுதுவதை, எடுத்துப் படியுங்கள். 2019 செப்டம்பரில் நடந்த மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் இது முன்வைக்கப்பட்டு, எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று இருக்கும். நடுவில் கொரோனா வந்தது, ஆட்சியே மாறியது, கோப்பு சாகவில்லை. பேரவைக்கு வரும் நாள் மசோதாவின் கல்யாண நாள் மாதிரி. பந்தியில் நின்று பெண் பிடிக்கவில்லை என்றால் எடுபடுமா? நிச்சயத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

பத்தாம் நம்பர் கேட்:
ஐயா, அந்த ஆலோசனைக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அரசு, முதலாளி, தொழிற்சங்கம். ஜவுளிக்கடைப் பெண் அங்கே நுழைய ஒரே வழி சங்கம்தான். சுற்றி வளைத்து என் பக்கம்தான் வருகிறீர்கள்.

கோப்புப்புழு:
சங்கம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? தெருவுக்கு வந்தால்தான் நடக்கும் என்பதைத்தான் மறுக்கிறேன். இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். அதை ஆராய அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் பெற்றோர், ஆசிரியர், மனநல மருத்துவர், விளையாட்டு நிறுவனங்கள் எல்லாரிடமும் மின்னஞ்சலில் கருத்து கேட்டது அரசு. அப்படி ஒரு ஜன்னல் திறந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஏரிக்கரை:
ரெண்டு பேரும் ஜெயித்த கதையையே சொல்கிறீர்கள். தோற்றதை நான் சொல்கிறேன்.

அதே 2023 ஏப்ரல் 21. அதே பேரவை. தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம், சிறப்புத் திட்டங்களுக்கானது, பெரிய விவாதம் ஏதும் இல்லாமல் நிறைவேறியது. திட்டம் பெரிதென்றால் அதற்குள் வரும் ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாம் சேர்ந்து போகலாம். ஆகஸ்டில் ஆளுநர் கையெழுத்தும் ஆனது. இத்தனைக்கும் வருடக்கணக்கில் மசோதாக்களைக் கிடப்பில் போட்டவர் என்று பெயர் எடுத்தவர் அவர். விவசாயிகள் போராடத்தான் செய்தார்கள், மனுவும் கொடுத்தார்கள். சட்டம் அப்படியே இருக்கிறது. ஒரே நாளில் வந்த ரெண்டு மசோதாவில் ஒன்று பத்து நாளில் போனது, இன்னொன்று நிற்கிறது. ஏன்?

பத்தாம் நம்பர் கேட்:
நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒரே வார்த்தையில் எல்லாருக்கும் புரிகிறது. டீக்கடையில் சொன்னால்கூட "அதெப்படி?" என்று எகிறுவார்கள். நில ஒருங்கிணைப்பு என்றால் அது நம் ஏரி என்று யாருக்கும் தோன்றாது. போராடியவர்களும் அங்கொரு ஊர், இங்கொரு ஊர்.

ஏரிக்கரை:
அதாவது நோகிறவர்கள் கொஞ்சப் பேர் என்றால் தெரு உதவாது. மருதாணி அம்மாவோடு மனு கொடுத்ததே பதினொரு பேர். அவர்களைப் போய் போராட்டத்துக்கு வா என்கிறீர்கள். மறுநாள் வேலை இருக்குமா?

சட்டம் மூன்றாமாண்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, கதவே இல்லை என்பதுதான் பிரச்சினை. ஒன்றிய அரசு 2014-ல் ஒரு கொள்கை வைத்தது. மசோதா வரைவைக் குறைந்தது முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று. அதையே ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை, மாநிலத்தை அது கட்டுப்படுத்தவும் செய்யாது. நமக்கு மேலவையும் 1986-லேயே போய்விட்டது. பேரவை விதிகளில் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு, அதாவது அதை அலசிப் பார்க்கும் எம்.எல்.ஏ.க்கள் குழுவுக்கு, அனுப்பலாம், மக்கள் கருத்தறியச் சுற்றுக்கும் விடலாம். விட்டதைத்தான் பார்க்க முடிவதில்லை. கேரளத்தில் துறைவாரியான குழுக்கள் இருக்கின்றன, மசோதா பொதுவாக அங்கே போய்த்தான் திரும்பும். வனச் சட்டத் திருத்த வரைவை 2024 கடைசியில் வெளியிட்டுக் கருத்து கேட்டார்கள். மலையோர விவசாயிகள் எதிர்க்க, 2025 ஜனவரியில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஏரிக்கரை:
தம்பி, அங்கேயும் கேரள காங்கிரஸ் மாணி கட்சி கூட்டணிக்குள்ளிருந்து முரண்டு பிடித்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2020-ல் அதே கேரளத்தில் போலீஸ் சட்டத்தில், அவதூறாகப் பதிவு போட்டால் சிறை என்று 118ஏ பிரிவை அவசரச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். எந்தக் குழு பார்த்தது? ஊரே கத்தியதும் சுருட்டி வைத்தார்கள். குழு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பரீட்சைத் தாளுக்கு நல்ல பதில்.

சட்டம் மூன்றாமாண்டு:
குழு போதும் என்று நான் சொல்லவில்லை, அண்ணா. வரைவு கையில் கிடைத்தால்தானே கத்தவே முடியும்? தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 4(1)(சி) படி, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கையை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்களை அரசே வெளியிட வேண்டும். நாட்டிலேயே முதலில் 1997-ல் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் நாம் என்று பெருமை வேறு. அதில் விதிவிலக்குதான் அதிகம் என்பது தனிக் கதை.

மருதாணி:
எல்லாம் படித்தேன். பாதி புரிந்தது. நான் வீடு வர ராத்திரி ஒன்பதரை ஆகிறது. காலையிலிருந்து நின்று கால் வீங்கியிருக்கும். கேரளக் குழு எல்லாம் இருக்கட்டும், நான் அடுத்து என்ன செய்ய?

கோப்புப்புழு:
அம்மா, மன்னியுங்கள், எங்கேயோ போய்விட்டோம்.

முதலில், உங்கள் மனு தப்பான விலாசத்துக்குப் போயிருக்கிறது. உட்காரும் உரிமைக்காகக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த பிரிவு 22-ஏ, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள வசதியாக எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது. ஸ்டூலைப் போட்டுவிட்டு "வாய்ப்பே கிடைக்கவில்லை, கடை நிறையக் கூட்டம்" என்று முதலாளி சொல்லலாம். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியவர் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளர். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மாவட்டத்தில் 22-ஏ படி எத்தனை கடைகளில் ஆய்வு நடந்தது, எத்தனை பேர் மேல் நடவடிக்கை என்று தகவல் உரிமையில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சொற்ப எண்ணிக்கை வந்தால் அதுதான் உங்கள் ஆயுதம். அதை வைத்து ஒரு எம்.எல்.ஏ.வுக்குக் கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள், கேள்வி நேரத்தில் அவர் படித்தாலே போதும். உங்கள் தொகுதிக்காரர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைச் செலவு மீதான பேரவை விவாதம், வருவதற்கு ரெண்டு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். அமைச்சர் பதிலுரையில் ஒரு வரி அறிவிப்பு வந்தால், அங்கிருந்து கோப்பு நகர ஆரம்பிக்கும்.

ஏரிக்கரை:
தகவல் கேட்டு மனு போட்டால் அதில் பெயரும் விலாசமும் இருக்குமே. கடைக்குத் தெரிந்தால்?

பத்தாம் நம்பர் கேட்:
அதற்கு நான் வழி சொல்கிறேன். கடையில் வேலை பார்க்காத யாராவது போடட்டும், எந்தக் குடிமகனும் கேட்கலாம். சங்கத்தில் சொல்லி நானே போடுகிறேன், மாவட்டம் மட்டும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். கேள்விகளை ஐயா எழுதித் தரட்டும். (ஆலோசனைக் குழு விஷயத்தில் இன்னும் உங்களோடு சண்டை முடியவில்லை, ஐயா.)

கோப்புப்புழு:
எழுதித் தருகிறேன். அம்மா, கொடுத்த மனுவுக்கு நகல் வைத்திருக்கிறீர்களா? பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினீர்களா?

மருதாணி:
இல்லைங்க ஐயா. கோடு போட்ட தாளில் கையால் எழுதியது, ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முத்திரை கேட்கலாம் என்றே தெரியாது. செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. அன்றைக்குத் திரும்ப எழுதி, ரெண்டு படியாக எடுத்துக்கொண்டு போகிறேன். தோழர், மாவட்டம் அனுப்பிவிட்டேன், பாருங்கள்.