வண்டியில் ஏற மறுக்கும் குதிரை

கேள்வி (கொடைக்கானல்):
ஏரிச் சாலையில் சவாரிக்கு விடும் செவலைப் பெண்குதிரை, 8 வயது. அடுத்த மாதம் வத்தலக்குண்டுக்கு இறக்க வேண்டும். பிக்கப் வண்டிப் பலகையில் கால் பட்டு 'டொம்' என்று சத்தம் வந்ததும் பின்வாங்கிவிடுகிறது. போன முறை 4 பேர் கயிறு போட்டுத் தள்ளினோம். சறுக்கிப் பின்னங்காலில் தோல் உரிந்துவிட்டது. மனசு இன்னும் ஆறவில்லை. அடிக்காமல் ஏற்ற வழி உண்டா?

பதில் (ஊட்டி):
அண்ணே, 10 வருடம் லாயத்தில் வேலை பார்த்தவன் நான். முதலில் பலகையைத் தரையில் போட்டு, மேலே சாக்கு விரித்து, தினமும் அதன்மேல் நடத்துங்கள். சத்தம் பழகிவிடும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் குதிரைக்குக் கண் பழக நேரம் பிடிக்கும், அதனால் தார்ப்பாயைக் கழற்றிவிடுங்கள். தலைக்கயிற்றை லேசாகப் பிடித்திருங்கள். ஓரடி முன்னால் வைத்த அந்த நொடியே தளர்த்த வேண்டும். இதுதான் முக்கியம். தளர்த்தத் தாமதித்தால் ஏன் இழுக்கிறோம் என்றே அதற்குப் புரியாது. பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.

பதில் (பழனி):
வண்டியை மேட்டோரமாக நிறுத்துங்கள், பலகைச் சரிவு குறையும். பாதி ஏறியதும் நீங்களே இறக்கிவிடுங்கள். இறங்கவும் பழக வேண்டுமே.

கேள்வி கேட்டவர்:
12 நாள் ஆச்சு. இன்று காலை பனி விலகும் முன்பே, ஒரு கேரட்டுக்காக நான்கு காலும் உள்ளே வைத்துவிட்டாள்! கதவை இன்னும் மூடவில்லை. அது நாளைக்கு.