மதுரையில் இளம் ஏஜென்ட்கள் குழு: ஹால் இலவசம் என்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

வைகைக்கரை தம்பி:

வணக்கம். மியூச்சுவல் ஃபண்ட் விற்பதற்கான என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வு பாஸாகி, ஏஆர்என் என்ற பதிவு எண் வாங்கிய பசங்களும் எல்ஐசி ஏஜென்ட்களுமாக மாதம் ஒரு ஞாயிறு காலையில் கூடுகிறோம். இடம், கே.கே. நகரில் நண்பருடைய ட்யூஷன் சென்டர் மாடி. முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர்கூட இப்போது வருவதில்லை. வருகிறவர்களும் "லீடு எங்கேண்ணே கிடைக்கும்?" என்று, புதுக் கஸ்டமரைப் பிடிப்பது பற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இரண்டு சீனியர் அண்ணன்களைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். தன்னம்பிக்கைப் பேச்சு பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஒரு மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர், ஓட்டலில் ஏசி ஹாலும் மதியச் சாப்பாடும் தங்கள் செலவு என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? சீனியர்களை உண்மையாகவே சொல்லித்தர வைப்பது எப்படி?

திண்டுக்கல் அக்கா:

தம்பி, ஹால் வேண்டாம். சாப்பாடு போட்டவர் தன் கம்பெனியின் புதுத் திட்டத்தை, அதாவது என்எஃப்ஓவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத்தான் செய்வார், அது அவர் பிழைப்பு. ஆனால் அந்த என்எஃப்ஓ தேவையா என்று அவர் முன்னாலேயே கேட்க உங்கள் பசங்களுக்கு வாய் வராது. தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டு டீ, வடை வாங்குங்கள், போதும்.

ஆள் குறைவது பேச்சு போரடிப்பதால் இல்லை, கையில் காசு வராததால். முதல் கூட்டத்திலேயே இந்தக் கணக்கைப் போர்டில் எழுதியிருக்க வேண்டும். ஒரு பையன் வெயிலில் அலைந்து இருபது பேரை மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போட வைக்கிறான். மாதம் 1 லட்சம். வருஷக் கடைசியில் 12 லட்சம் சேர்ந்திருக்கும், ஆனால் வருஷம் முழுக்கச் சராசரி இருப்பு 6.5 லட்சம்தான். டிரெயில், அதாவது இருப்பின் மேல் வருஷாவருஷம் வரும் கமிஷன், 0.8 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கே 5,200 ரூபாய். பெட்ரோலுக்குக் காணாது! 2018 அக்டோபரில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, விற்றவுடன் மொத்தமாகத் தருகிற முன்கமிஷனுக்குத் தடை போட்ட பிறகு வந்தவர்களுக்கு இதுதான் தொடக்கம். அதே பையன் விடாமல் நின்று 5 கோடி சேர்த்தால் வருஷம் 4 லட்சம், அதுவும் பணம் அங்கே இருக்கிற வரைக்கும். இடையில் உள்ள வருஷங்களை எதை வைத்து ஓட்டுவது? இதைப் பேசாத குழுவில் யார் இருப்பார்கள்?

எல்ஐசி பசங்களுக்கு இது தலைகீழ். முதல் வருஷக் கமிஷன்தான் பெரிது, அப்புறம் குறைந்துவிடும். பிரீமியம் கட்டாமல் பாலிசி லேப்ஸ் ஆனால் அதுவும் போச்சு. அதனால் இரண்டு கூட்டமும் ஒரே மாடியில் உட்கார்வது நல்லது, பிரித்துவிடாதீர்கள். எங்கள் குழுவில் ஒருமுறை வத்தலக்குண்டு ஆசிரியை ஒருவரின் கேஸ் வந்தது. சேமிப்பும் சேர்ந்த இரண்டு எண்டோமென்ட் பாலிசியையும் சரண்டர் செய்து, அதாவது பாதியிலேயே முடித்துப் பணத்தை வாங்கி, ஃபண்டில் போடலாமா என்பது கேள்வி. பெரிய சண்டை. பாலிசி பாண்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். ஒன்று இன்னும் மூன்று வருஷத்தில் முதிர்வு, அதைத் தொடச் சொல்லவில்லை. இன்னொன்று புதிது, அதைப் பெய்டு-அப் ஆக்குவதா, அதாவது பிரீமியத்தை நிறுத்திவிட்டுக் குறைந்த தொகையோடு வைத்திருப்பதா என்று மட்டும் பேசினோம். அன்றைக்குக் கற்றது எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சிலும் கிடைக்காது. ஆளுக்கொரு சிக்கலான கேஸ் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர், பான் எண் வேண்டாம். ஸ்டேட்மென்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவனை அன்றைக்கே கண்டியுங்கள்.

சீனியர் விஷயம். மேடை கொடுத்தால் மேடைப் பேச்சுத்தான் வரும். எங்கள் காலத்தில் ஏஜென்ட்களைச் சேர்த்து நடத்துகிற எல்ஐசி டெவலப்மென்ட் ஆபீசர் பைக்கில் ஏற்றிக்கொண்டு கஸ்டமர் வீட்டுக்கே கூட்டிப்போவார். கற்றது அங்கேதான். நீங்களும் சீனியரைக் கஸ்டமர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். ஆனால் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும்: படிவத்தில் ஏஆர்என்னும், விற்ற ஆளைக் காட்டும் இயுஐஎன் எண்ணும் ஜூனியருடையது, சீனியர் தன் கார்டைக் கொடுக்கக் கூடாது. அவர் ஏன் வர வேண்டும் என்கிறீர்களா? அவருக்கும் தேவை இருக்கிறது. பிஎஸ்இ ஸ்டார் எம்எஃப் என்ற ஆன்லைன் தளத்தில் ஃபண்ட் ஆர்டர் போடத் தடுமாறுவார், கஸ்டமருடைய பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்பதற்குப் பதில் சொல்லத் திணறுவார். அதை உங்கள் பசங்கள் செய்து கொடுக்கட்டும்.

அப்புறம், மார்ச்சில் கூட்டம் வைக்காதீர்கள். எல்ஐசி ஆள் ஒருத்தர்கூட வரமாட்டார்.

நொய்யல்காரர்:

அக்கா சொல்வது சரிதானுங்க, ஹால் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கோவையில் நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை வாங்கிக்கொள்கிறோம். தலைப்பை நாங்கள் கொடுப்போம்: ஃபண்டில் பணம் போட்ட யூனிட்தாரர் இறந்தால் வாரிசுக்கு மாற்றுவது எப்படி, நாமினி இல்லாவிட்டால் என்ன காகிதம் வேண்டும், இப்படி. ஃபண்ட் பெயர் ஸ்லைடில் வந்தால் அடுத்த வருஷம் அவர்களுக்கு அழைப்பில்லை. கறாராக இருக்க முடியாதென்றால் அக்கா வழியே நல்லது.

இன்னொன்று. கமிஷனில் பாதியைக் கஸ்டமருக்குத் திருப்பிக் கொடுக்கிற ஆளைச் சேர்க்காதீங்க. இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 41-இன்படி அது குற்றம், 10 லட்சம் வரை அபராதம் போடலாம். அதைவிட, அவர் இருக்கிற குழுவில் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

படிவம் 12:

போர்டிலும் குழுப் பெயரிலும் 'நிதி ஆலோசகர்' என்று போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். செபியில் ஆலோசகராகப் பதிவு செய்யாத ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் அப்படிப் போட்டுக்கொள்ளக் கூடாது, 2020-லேயே சொல்லிவிட்டார்கள்.

வைகைக்கரை தம்பி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்களே. பேனர் அடிக்கக் கொடுத்திருந்தேன், நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஹாலை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், கறாராகப் பேச எனக்கு இன்னும் வராது. ஒரு சந்தேகம்: குழுவில் ஒருவர் தினமும் ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் டிப்ஸ் போடுகிறார். பசங்களுக்கு அவர் மேல் மரியாதை. என்ன செய்ய?

திண்டுக்கல் அக்கா:

செபி பதிவு எண் கேளுங்கள். இருந்தால் அவரே பெருமையாகக் காட்டுவார். இல்லையென்றால் டிப்ஸை நிறுத்தச் சொல்லுங்கள், மறுத்தால் நீக்கிவிடுங்கள். தனியாகப் போன் செய்து சொல்லிவிட்டு நீக்குங்கள், மதுரை சின்ன ஊர். அவர் கூடவே நாலு பேர் போவார்கள், போகட்டும். அடுத்த ஞாயிறு போர்டுக்கு மார்க்கர் வாங்கி வையுங்கள்.