ரோட் பிளாக்கில் ஊத மறுக்கலாமா?

ஈசூன்_குமரன்:
சனிக்கிழமை ராத்திரி சிங்கப்பூர் தேக்காவில் நண்பனின் பிறந்தநாள் சாப்பாடு. நான் குடிப்பதில்லை, அதனால் எல்லாரையும் வீட்டில் இறக்கிவிடும் வேலை வழக்கம்போல என் தலையில். வழியில் போலீஸ் ரோட் பிளாக். அதிகாரி கண்ணாடியை இறக்கச் சொன்னார். குடித்தீர்களா என்றார். இல்லை என்றேன், ஆனாலும் ஊதச் சொன்னார். ஊதினேன், ஒன்றுமில்லை, அனுப்பிவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

பின்சீட்டு நண்பன்தான் விடவில்லை. "உன் அரசியலமைப்பு உரிமையை விட்டுக்கொடுத்துட்டே! நான் கைதா, போகலாமா என்று கேட்டிருக்கணும்" என்று அமெரிக்க வீடியோ ஒன்றைக் காட்டினான். காரணமே இல்லாமல் வண்டியை நிறுத்தலாமா? ஊதமாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழைய_டாக்சி:
தம்பி, அந்த வீடியோவை இங்கே ஓட்டிப் பார்க்காதீர்கள். முப்பது வருஷமாக ஓட்டுகிறேன், மாத்தாவிடம் (போலீஸிடம்) சட்டம் பேசியவன் எவனும் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

சட்டவாசகி:
அண்ணன் சொல்வது அனுபவம், சட்டமும் கிட்டத்தட்ட அதேதான். குமரன், நீங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்.

நிறுத்துவதற்கு உங்கள் மேல் சந்தேகம் தேவையில்லை. ஒழுங்கைக் காக்கவோ குற்றத்தைத் தடுக்கவோ சாலையில் தடுப்பு வைக்க 2004-ஆம் ஆண்டுக் காவல்துறைச் சட்டம் அதிகாரம் தருகிறது. நிற்காமல் போவது சிறைக்கு உரிய குற்றம்.

ஊதச் சொல்வது வேறு. சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அதற்கு ஒரு முகாந்திரம் வேண்டும்: உடலில் மது இருப்பதாக நியாயமான சந்தேகம், ஓட்டும்போது விதிமீறல், அல்லது விபத்து. ஒன்று கேட்கிறேன், வண்டிக்குள் பீர் வாசம் அடித்ததா?

ஈசூன்_குமரன்:
அடித்ததாவா! பின்சீட்டில் மூன்று பேரும் நன்றாகவே ஏற்றியிருந்தார்கள்.

சட்டவாசகி:
அப்போ சந்தேகத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் மறுப்பதும் ஒரு குற்றம், கைதுவரை போகலாம். தெருவில் ஊதுவது முதல் சோதனைதான். அதில் தேறாவிட்டால் அழைத்துப்போய் முறையான கருவியில் அளப்பார்கள். 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மது வரம்பு, ரத்தத்தில் 80 மில்லிகிராம். அந்த இரண்டாவது சோதனைக்கு மறுத்தால், குடித்து ஓட்டியவருக்கு உள்ள தண்டனையே. முதல் முறைக்கு 2,000 முதல் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். உரிமமும் போகும்.

தெம்பனிஸ்_மாறன்:
எனக்கு ஆஸ்துமா. ஊத முடியாது என்றால் மறுப்பா?

சட்டவாசகி:
உண்மையான உடல்நிலைக் காரணம் மறுப்பு ஆகாது. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். அரைகுறையாக ஊதிவிட்டுப் பிறகு சொன்னால் நம்பவைப்பது கஷ்டம்.

பழைய_டாக்சி:
அப்போ அரசியலமைப்பு எதற்குத்தான் இருக்கிறது?

சட்டவாசகி:
நல்ல கேள்வி அண்ணே. கைது என்று வந்தால் 9-ஆவது பிரிவு பேசும்: காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஆனால் கைதான கையோடு வழக்கறிஞர் கிடைப்பார் என்று நினைக்கக்கூடாது. நியாயமான காலத்துக்குள் கிடைத்தால் போதும் என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. (எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. முதல் சில மணி நேரம்தானே முக்கியம்.) காரணமற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்காவின் நான்காம் திருத்தம் போன்ற பிரிவு நம் அரசியலமைப்பில் இல்லை. வீடியோ வசனம் இங்கே எடுபடாதது அதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவிலேயே குடிபோதைச் சோதனைத் தடுப்பு செல்லும் என்று 1990-இல் மிச்சிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000-இல் இண்டியானாபொலிஸ் வழக்கில் செல்லாது என்றது போதைப்பொருள் தேடும் தடுப்பைத்தான்.

ஈசூன்_குமரன்:
நன்றி அக்கா. மிச்சிகன் கதையை அவனுக்கு அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. அடுத்த முறை நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டப்போகிறேன்.