இழை: ஆளுக்கேற்ற மருந்தளவு – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். குடல் அழற்சி நோய்களான குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் உள்ளவர்களுக்கான ஓர் ஆய்வின் ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தந்தாக வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, முதல் நாளிலும் 2, 6 ஆம் வாரங்களிலும், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறையும் நரம்பில் ஏற்றுவது வழக்கம். ஆனால் ஒரே எடையுள்ள இருவரில், அழற்சி மிகுந்து அல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்தவருக்கோ, மருந்துக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள் உருவானவருக்கோ, அது சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து அடுத்த டோஸ் எவ்வளவு, எப்போது என்று கணினி சொல்வதே இந்த ஆய்வில் உள்ள முறை. என் கைக்கு வந்த வரைவில் இது ‘தனிப்பயனாக்கப்பட்ட கணினி வழிகாட்டப்பட்ட மருந்தளிப்பு’ என்றிருக்கிறது. அடுத்த டோஸுக்குச் சற்று முன் இரத்தத்தில் உள்ள மருந்தைக் குறிக்கும் ‘டிரஃப்’ (trough: தாழ்நிலை, தொட்டி என்று இரு பொருளும் உண்டு), ‘தொட்டி அளவு’ ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும்’ என்று வள்ளுவர் 949ஆம் குறளில் மூன்றையும் சொல்லிவிட்ட பிறகு நாம் எதைத் தேடுகிறோம்? நோயுற்றவனின் எடை, பிணியின் கடுமை, வாரக் கணக்கு எல்லாம் அதிலேயே அடங்கும். ‘உற்றளவு’ என்க. ஆனால் அதற்கும் ஒரு தடை உண்டு. தொல்காப்பியர் தொகைமரபில் ‘அளவிற்கும் நிறையிற்கும்’ என்று பிரித்தே சொல்கிறார். முகந்து அறிவது அளவு, தூக்கி அறிவது நிறை. அளவுப் பெயர்களுக்குக் கலம், சாடி, தூதை, பானை என்று உரையாசிரியர்கள் அடுக்குவதைக் காண்க. மில்லிகிராம் தூக்கி அறிவது. ஆகவே ‘மருந்தளவு’ என்பதே வழு. ‘மருந்துநிறை’ என்பதுதான் மரபு.

குடல்நோய் மருத்துவர்:
ஐயா அவர்களின் விளக்கத்தை விரும்பிப் படித்தேன். ஆனால் ‘உற்றளவு’ என்று நான் வாய்விட்டுச் சொன்னால் நோயாளியின் காதில் அது ‘உச்ச அளவு’ என்று விழும். நாங்கள் அளப்பதோ அடிமட்டத்தை. எனக்கு வேறொரு சிக்கல் பெரிதாகத் தெரிகிறது. டோஸையும் அளவு என்கிறோம், இரத்தத்தில் இருப்பதையும் அளவு என்கிறோம். ‘உங்கள் மருந்தளவு குறைவாக இருப்பதால் மருந்தளவைக் கூட்டுகிறோம்’ என்ற வரியின் கீழ் எவர் கையெழுத்திடுவார்? ‘கணினி வழிகாட்டும்’ என்பதும் வேண்டாம். திரையில் வரும் எண்ணை ஏற்பதும் தள்ளுவதும் மருத்துவர் பொறுப்பு. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 80 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முழுவதும் நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள் கணினி முறையில் 88 விழுக்காடு, வழக்கமான முறையில் 64 விழுக்காடு. நல்ல செய்திதான், ஆனால் சிறிய ஆய்வு. கணினி சொன்னால் தவறாது என்ற தொனி சொல்லில் ஏறிவிடக் கூடாது.

மென்பொருளாளர்:
அப்படியானால் சோதிட வாடை அடித்தாலும் ‘கணிப்பு’ என்பதே பொருந்தும். பேயஸ் முறையில், பலருடைய தரவிலிருந்து முதலில் ஓர் ஊகம் செய்துகொண்டு, இவருடைய இரத்த முடிவுகள் வர வர அதைத் திருத்திக்கொண்டே போகிறோம். ‘கணக்கீடு’ என்றால் இரண்டும் இரண்டும் நான்கு என்பதுபோல் ஆகிவிடும். இரத்தத்தில் இருப்பதைச் ‘செறிவு’ என்றால் மருத்துவரின் சிக்கலும் தீரும்.

தமிழாசிரியர்:
செறிவு நல்ல சொல். எஞ்சி நிற்பதால் ‘எச்சச் செறிவு’ என்க. வினையெச்சமும் பெயரெச்சமும் அறிந்தவருக்கு இதில் என்ன தடை?

மருத்துவர்:
ஐயா, வார்டில் எச்சம் என்றால் சன்னல் விளிம்பில் புறா விட்டுச்சென்றதுதான்.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. மேற்கொண்டு மறுப்பு வராததையே ஒப்புதலாகக் கொண்டு ‘ஆளுக்கேற்ற மருந்தளவுக் கணிப்பு’, ‘மிச்ச மருந்துச் செறிவு’ என்று எழுதி, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘அடுத்த முறை மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் உங்கள் இரத்தத்தில் மீதமிருக்கும் மருந்து’ என்று விளக்கமும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
மிகுந்தது மிச்சம். குறைந்துபோனதைக் குறிக்க மிகுதிச் சொல்லா? மேலும், மில்லிகிராம் நிறையே. என் மறுப்பைப் பதிந்துகொள்க.